காருக்குள் சமையல் கேஸ்

இன்று காலை அடுப்பைத் திருகியபோது லைட்டர் இரண்டு தடவை ஏமாற்றியது. அதற்குள் கேஸ் வாடை மூக்கில் ஏறிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஜன்னலைத் திறப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த வாடை வந்தால் எங்கள் பழைய வெள்ளைக் கார்தான் ஞாபகம் வரும், வாசலுக்கு ஓடிவிடுவேன். சிரிக்காதீர்கள்.

லோஹேகாவ் விமானப்படை முகாமிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் ஆபீசரிடம் அந்தக் காரை வாங்கினோம். வானவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனிலேயே ஏசி உள்ள கார் அது ஒன்றுதான். அந்தப் பெருமையில் குளிர்காலத்திலும் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு கோடையில் ஏசி வெறும் சூட்டுக்காற்றை ஊத ஆரம்பித்தது. கராஜ் வைத்திருந்த ரஃபீக் பாய் திறந்து பார்த்துவிட்டு, ஏசிக்குப் போடுகிற பழைய கேஸ் இப்போது வருவதில்லை, நிறுத்திவிட்டார்கள் என்றார். புதிது போடலாம், ஆனால் உள்ளே இருக்கிற எண்ணெய், ரப்பர் வளையங்கள், ஈரம் உறிஞ்சுகிற டப்பா எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பழைய எண்ணெய் புது கேஸோடு சேராது, கம்ப்ரஸர் இறுகிப் போகும் என்றார்.

என் வீட்டுக்காரருக்கும் அவர் கூட்டாளி செல்வராஜுக்கும் வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. கேட்டில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். உள்ளே அவ்வளவு பயபக்தி. வெளியே வந்துவிட்டால் இருவருக்கும் உலகத்தில் எதுவுமே வெடிக்காது. செல்வராஜ் எங்கள் சமையல் சிலிண்டரைத் தட்டிக் காட்டினான்.

"இதுவும் கேஸ்தானே அண்ணி. இதையே ஏத்திட்டா ஜில்லுனு வரும்."

"தீப்புடிச்சா?"

"குண்டு செய்யுறவங்க கிட்ட போய் இதக் கேக்குறீங்களே."

அவரும் கூடச் சிரித்தார். ஏற்றினார்கள். ஜில்லென்றுதான் வந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காரில் ஏறினால் வாயைத் திறக்க மாட்டேன், மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். அப்போது என் மகள் வசந்தா பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி எடுத்தால் இந்தக் காரில்தானே கூட்டிப் போக வேண்டும் என்று இட்லிக்கு ஊறப்போடும்போதுகூட நினைப்பு ஓடும்.

எடுத்தது, நல்ல மத்தியான வெயிலில். பின் சீட்டில் என் மடியில் தலை வைத்து முனகிக்கொண்டு வந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது அந்த வாடை வந்தது. அழுகின முட்டைக்கோஸ் வாடை, மெல்லிசாக. வண்டி ஓட்டின என் வீட்டுக்காரருக்குப் பதற்றம் வந்தால் சிகரெட் வேண்டும். உதட்டில் வைத்துவிட்டார். கை சட்டைப் பைக்குப் போனது.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைத் தடுத்ததே கிடையாது. அன்று பின்னாலிருந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். நகம் பதிந்து ரத்தம் வந்தது பிறகுதான் தெரியும்.

"என்னாடி, பைத்தியமா?"

"மோந்து பாருங்க."

மோந்தார். சிகரெட் கீழே விழுந்தது. வண்டியை அணைத்து, நாலு கதவையும் திறந்து, வசந்தாவை நடுரோட்டில் இறக்கினோம். பக்கத்திலிருந்த ரிக்ஷாக்காரர் கேள்வியே கேட்கவில்லை. "தாயி, பஸா" என்று மராத்தியில் உட்காரச் சொல்லி சீட்டைத் துடைத்தார். விளக்கு வைப்பதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

மறு வாரம் ரஃபீக் பாய் காரை வெட்டவெளியில் நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றினார். பில் இங்கிலீஷில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது, இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழற்றினதையெல்லாம் என் கையில் கொடுக்கச் சொன்னேன். ரஃபீக் பாய் கோபப்படவில்லை. கழற்றின பழசை வண்டிக்காரர் கையில் கொடுப்பதுதான் அந்தக் காலத்தில் வழக்கம். விரிசல் விட்ட வளையங்கள், துருப்பிடித்த டப்பா, கிண்ணத்தில் கறுத்த எண்ணெய். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்த பிறகுதான் புது கேஸைப் போடவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் காரில் தூங்கியிருக்கிறேன்.

கார் போய்விட்டது, அவரும் போய்விட்டார், கராஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அன்று பிறந்த பேத்திக்கு ஹிஞ்சேவாடியில் ஐடி கம்பெனி வேலை. அவள் காரை சர்வீஸுக்கு விட்டால் நம்மைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள். போன மாதம் அங்கே இருந்த பெண்ணிடம், "கழட்டின பழைய பார்ட்டெல்லாம் எங்கேம்மா?" என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. பேத்தி எடுத்துச் சொன்ன பிறகும், அதை எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"மெசேஜ் வந்திருக்கு பாட்டி. ஆல் ஓகேன்னு போட்டிருக்கு," என்றாள் பேத்தி.

காபி நன்றாகத்தான் இருந்தது. பேத்தி ஓட்டினாள். நான் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்து வந்தேன், எதற்குப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாமல்.