கடைசி பெஞ்சில் மாமாவும் நானும்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் பெரியவர்கள் வரிசையாகப் போய்ப் பீடத்தருகே முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் திரும்புவார்கள். பிள்ளைகளுக்குக் கிடையாது. திடப்படுத்தல் வகுப்புக்குப் போய், பேராயர் வந்து தலையில் கை வைத்த பிறகுதான் நம் முறை. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நல்லவேளை, எனக்குத் துணை இருந்தது. அம்மாவின் தம்பி, ஆனையூரில் எங்கள் வீட்டு மாடியறையில் தனியாக இருந்த மாமா, அவரும் போகமாட்டார். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள். வகுப்பில் இன்னும் பாஸாகவில்லை போலும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மனப்பாடம் எனக்கும் வராது. அதனால் அவர்மேல் தனிப் பிரியம். மற்றவர்கள் அப்பம் வாங்கும்போது மடியிலிருக்கும் அவர் கைகள் தாமாகவே விரியும். பிறகு யாரோ அதட்டியது போல மூடிக்கொள்ளும். அப்படிப் பசித்த முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் ஊழியத்தில் அவரை அடிக்க ஆளில்லை. சனிக்கிழமையானால் மாட்டுத்தாவணியில் பஸ் பஸ்ஸாக ஏறி இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுப்பார். கண்டக்டர் திட்டினாலும் சிரிப்பார். "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அதுக்குப் போதகர் ஐயா இருக்காக" என்று நழுவிவிடுவார்.

ஒரு கோடை விடுமுறையில் சபை வேன் ஊழியத்துக்காக எழுமலைப் பக்கம் போனது. அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். போதகர் ஒரு தெருவுக்குப் போக, மாமா என்னைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்தார். ஒரு வீட்டு வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்த அக்கா கைப்பிரதியை வாங்கி முறத்தில் வைத்துவிட்டு, மாமாவையே பார்த்தார்.

"எங்களுக்கு வேற சாமிண்ணே. ஆனா எந்தச் சாமி கேட்டாலும் சரிதான். என் வீட்டுக்காரரு குடிய விடணும். ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

வழக்கம்போல மாமா போதகரைக் கூட்டிவருவதாகச் சொல்லித் திரும்பினார். அந்த அக்கா விடவில்லை.

"ஏண்ணே, நீங்க பண்ணா ஆகாதா?"

மாமா கைப்பிரதிக் கட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஆகாது தாயி. நானும் குடிச்சவன்தான். என் பொண்டாட்டிய அழுக விட்டே மண்ணுக்கு அனுப்புனேன். அவ போனப்புறந்தான் விட்டேன். மன்னிப்புக் கேக்கக்கூட ஆளில்ல. எனக்கு அந்தத் தகுதி கெடையாது."

அத்தையை எனக்கு நினைவில்லை. மாடியறையில் பிளாஸ்டிக் மாலைக்குள் சிரிக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். அந்த அக்கா கடலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நீங்கதாண்ணே பண்ணணும். குடிக்காதவகளுக்கு என் வீட்டுப் பாடு எம்புட்டுத் தெரியும்?"

மாமா கண்ணை மூடினார். எங்கள் போதகர் ஜெபம் தொடங்கினால் அடுப்பில் வைத்த இட்லி வெந்துவிடும். மாமாவுக்கோ ஒரு வரிக்கு மேல் வரவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய அழ விடாதேயும்" என்றார். அதையே மறுபடியும் சொன்னார். அதோடு ஆமென் சொல்லிவிட்டார். ஜெபத்திலும் இவர் பாஸாகமாட்டார் என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. அந்த அக்காவோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடி நிறையக் கடலை கட்டிக் கொடுத்தார். அவருடைய கணவர் குடியை விட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. வேனில் வரும்போது கடலையை நான்தான் தின்றேன். மாமா ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்தே வந்தார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு. பெரியவர்கள் வரிசையில் போனார்கள். அம்மாவும் போனாள். நானும் மாமாவும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். வரிசை முடிகிற நேரத்தில் மாமா எழுந்தார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் போகிறாரோ என்று பதறி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நமக்குக் கெடையாது மாமா, உக்காருங்க."

மாமா நின்றுவிட்டார். பெஞ்சில் ஒரு கையை ஊன்றினார். உட்கார்ந்துவிடுவார் என்றே நினைத்தேன். பீடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் விரல்களைச் சட்டையிலிருந்து மெல்லப் பிரித்து, "இருக்காம் மருமகளே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முழங்காலிட்டதை நான் சரியாகப் பார்க்கவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று சத்தமாக அழுதுகொண்டிருந்தேன். திரும்பி வந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, கிள்ளினவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் குழப்பம். பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவித் தடவி அழுதேன். அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க அவர் எத்தனை வருடம் ஏங்கியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.