காயாத தொட்டி

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல்லிக்குப் பயப்படமாட்டாள், மேலதிகாரிக்கும் பயப்படமாட்டாள். அவள் பயமெல்லாம் ஈரத்துக்குத்தான். கழுவின டம்ளரைத் துணியால் துடைத்து, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள். அதில் ஊற்றப்போவதே தண்ணீர்தானே என்று கேட்டால் முறைப்பாள்.

அவள் பிழைப்பு அப்படி. செம்பு உருக்கும் ஆலையில், நாலு மாடி உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாள். கீழே தொட்டிகளைத் தயார் செய்வது நான். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையசைத்து அவளுக்கு வழிகாட்டுவது அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர். குடும்பமே ஒரே கூரைக்கு அடியில் வேலை பார்ப்பது வசதிதானே என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கல்லிலிருந்து செம்பு எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நூறு கிலோ கல்லை உடைத்தால் ஒரு கிலோ செம்பு தேறுவதே பெரிய விஷயம். கல்லை மாவாக அரைத்து நுரைத் தண்ணீரில் விட்டால், செம்புள்ள தூள் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், வெறும் மண் அடியில் தங்கும். அந்தத் தூளைக் காயவைத்து உலையில் உருக்கினால் கசடு மேலே மிதக்கும், செம்புக் குழம்பு கீழே நிற்கும். குழம்பை அடுத்த உலைக்குக் கொண்டுபோய்க் காற்றை ஊதி, அதிலிருக்கும் கந்தகத்தை எரிக்க வேண்டும். அதற்குப் பிறகும் சுத்தம் செய்கிற வேலை பாக்கி. நீங்கள் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறதே, அந்தக் கம்பிக்குப் பின்னால் இத்தனை பாடு.

அடுத்த உலை தயாராக இல்லாத நாட்களில், லேடில் என்கிற ராட்சத வாளியில் குழம்பைத் தூக்கிவந்து இரும்புத் தொட்டிகளில் ஊற்றி உறையவிடுவோம். ஒட்டாமல் இருக்கத் தொட்டிக்குள் சுண்ணாம்புப் பால் அடித்து, ஒரு மணி நேரம் கேஸ் நெருப்பில் காயவைப்பது என் வேலை. ஈரச் சுண்ணாம்பு மங்கலாகத் தெரியும், காய்ந்தது பளிச்சென்று வெளுக்கும். அந்த வெள்ளையைப் பார்த்த பிறகுதான் அக்கா லேடிலைச் சாய்ப்பாள். அவ்வளவு கொதிக்கிற குழம்புக்கு அடியில் ஒரு கை ஈரம் மாட்டிக்கொண்டால் போதும், நொடியில் ஆவியாகி, மேலே இருப்பதையெல்லாம் ஆட்கள்மேல் தூக்கியடிக்கும்.

அன்றைக்கு மதியம் நான் கிரிக்கெட் பந்தயக் கதை பேசிக்கொண்டே முக்கால் மணி நேரத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். நெருப்பு காட்டத் தொடங்கியதுமே சூப்பர்வைசர் வந்து, "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்தார். முந்தின நாள்தான் அக்காவின் ஈரப் பயத்தைச் சொல்லிச் சாப்பாட்டு அறையையே சிரிக்க வைத்திருந்தேன். இப்போது என்னால்தான் வேலை நிற்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் காய்ந்த சுண்ணாம்புத் தூள் மூட்டை இருந்தது. இரண்டு கை அள்ளி ஈரத்தின் மேல் தூவினேன். தொட்டி பளிச்சென்று வெளுத்தது.

"ஆச்சு சார்" என்றேன்.

மணியடித்துக்கொண்டு கிரேன் வந்தது. அத்தான் தொட்டியருகே போய் நின்றார். கொஞ்சம் நெருப்பு காட்டினோமே, காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், தூவிய தூள் ஈரத்தை உறிஞ்சித் திட்டுத் திட்டாக மங்கிக்கொண்டிருந்தது. குழம்பின் வெளிச்சம் நடுவில் இருக்கும்போது மேலிருந்து அது தெரியாது.

லேடில் மெல்லச் சாயத் தொடங்கியது. என் கைகள் எழவில்லை. வேலை போய்விடும், மானம் போய்விடும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா, இன்னைக்கு வாயே திறக்கல?"

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். லேடில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"தொட்டி காயல அத்தான். நான்தான் மேல தூள் தூவி வச்சேன்."

அவர் கையிலிருந்த கம்பியால் உட்புறத்தைச் சுரண்டினார். நுனியில் சேறாக வந்தது.

குழம்பைத் திரும்ப உலையில் விட்ட பிறகும் அக்கா இறங்கி வரவில்லை. ஏணி ஏறிப் போனேன். கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

"வெள்ளையா இருந்துச்சுடா" என்றாள். "நல்லாத்தான் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"அக்கா, நான் வந்து..."

"நீ கையத் தூக்கலன்னா ஊத்தியிருப்பேன். அவர் மேல, உன் மேல. என் கையாலயே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். பதினொரு வருடம் ஆகிறது. அக்கா தன் பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாள். வீட்டுச் சாவிகூட என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் நான் துடைத்து வைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் துடைக்கிறாள். ஆலையில், தொட்டி காய்ந்ததா என்று என்னிடம் கேட்பதே இல்லை. நான் ஒதுங்கி நிற்க வேண்டும். அத்தான் கம்பியால் சுரண்டி, தூள் உதிர்வதைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மணியடிப்பாள்.

இப்போதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் காயவைக்கிறேன். காய்ந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அத்தான் கம்பியை உள்ளே விட்டதிலிருந்து தூள் உதிரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.