சிவம் அண்ணையின் தலையில் விழாத தண்ணீர்

கோதுமைமா காய்ச்சிய பசையின் மணம்... அப்போதெல்லாம் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்கள் சமையல் குசினி முழுக்க அதுதான். மேசையில் மினுங்கும் தாள் ஒட்டிய கிரீடம் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். அமெரிக்கப் பழங்குடித் தலைவருக்கான கிரீடம்!

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கூத்தில் தலைவன் என்றால் ராசா, ராசா என்றால் கிரீடம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யோசேப்பு அண்ணைக்கு வேறு உடுப்பே தெரியாது.

கதையைத் தந்தவர் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் டெனிஷ் சுவாமி. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆறும் புல்வெளியும் கடந்து, வள்ளத்திலும் குதிரையிலும் வேதம் சொல்லப் போன குருமாரைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். அண்ணாவியார் அதை அப்படியே கூத்தாக்கிவிட்டார்.

நான்தான் குருவானவர். முதல்முதலாகக் கதாநாயகன் வேடம்! கடைசியில் தலைவனுக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும். அந்தக் காட்சிக்காகத்தான் கூத்தே.

தலைவனுக்கு ஆள் இல்லை. என்னோடு தையல் ஃபாக்டரியில் ஷிப்ட் செய்த சிவம் அண்ணையைப் பிடித்தோம். வெண்கலக் குரல். ஆனால் சைவசமயக்காரர். அவர் மனைவி மனோ அக்கா ஒத்திகைக்கே வந்து சொல்லிவிட்டார்:

"நடிப்பெண்டாலும் தண்ணி தண்ணிதான். தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டுப் பக்கம் வரவேண்டாம்."

"ஓம் ஓம், விழாது" என்றார் சிவம் அண்ணை. அக்கா போனதும் என்னிடம், "அவ சும்மா கதைக்கிறா, நீ ஊத்து தம்பி" என்று கண்ணடித்தார்.

கூத்தன்று கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் சுவாமி, பக்கத்தில் மனோ அக்கா. அட்டை வள்ளத்தில் வந்திறங்கி, தொண்டை கிழியப் பாடி, தண்ணி நிரப்பிய ஜூஸ் ஜாடியைத் தூக்கினேன். சிவம் அண்ணை முழங்காலில் நின்றார். மத்தளம் அதிர்ந்தது. அவர் மெதுவாக மனோ அக்காவைப் பார்த்தார்...

எழும்பிவிட்டார் மனுசன்! மெட்டுக் குலையாமல் பாடினார்:

"தண்ணியை வையும் சாமியாரே – என்ரை
பெண்டிலைக் கேட்டுப் பதில்சொல்வேனே!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாவியார் தலையில் கைவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அமெரிக்காவிலும் எத்தனையோ தலைவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்றார்.

எல்லாரும் போனபிறகு மண்டபம் கூட்ட நின்றது சிவம் அண்ணைதான்.

"கோவியாதை தம்பி. உனக்குக் கூத்து ஒருநாள். எனக்கு வீடு ஒவ்வொரு நாளும்."

அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, அடுத்த கோயில் திருநாளுக்கு வடை சுடுகிறேன் என்று வந்து நின்றார்.

இப்போது அண்ணாவியார் இல்லை, கூத்தும் இல்லை. முறைப்படி ஞானஸ்நானம் பெற்ற என் பிள்ளைகளைப் பூசைக்குக் கூப்பிட்டால், அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று டெனிஷில் பதில் வருகிறது. மனசு நோகத்தான் செய்கிறது.

சிவம் அண்ணையோ ஒரு திருநாள்கூடத் தவறவிடவில்லை. மனோ அக்காவையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாய் வந்து அடுப்பை மூட்டுவார். புதிதாக வந்த சுவாமி அவரை எங்கள் பங்கின் மூத்த கத்தோலிக்கர் என்றே நினைத்திருக்கிறார்.

தலையில் இன்றுவரை ஒரு சொட்டு விழவில்லை... கோயில் குசினிப் பூட்டின் திறப்பு மட்டும் அவரிடம்தான்.