மார்பில் மாட்டிய பை

பையை முதுகில் மாட்டாமல் மார்பில் மாட்டிக்கொண்டு, லெஸ்லி சைக்கிளை வாசலுக்கு உருட்டுகிறார். பார்த்தால் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் போலத்தான் இருக்கும். பைக்குள் மாற்றுச் சட்டை, பிரஷர் மாத்திரை, மழைக்கோட்டு. குடையை நடுக்கம்பியோடு சேர்த்துப் பழைய டியூப் ரப்பரால் கட்டியிருப்பார். சாப்பாட்டு அடுக்கு முன்கூடைக்குள் துண்டு சுற்றிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்கும். ஹேண்டிலில் ஒரு நூல்கூடத் தொங்காது. பின் கேரியர் மட்டும் காலி. அதில் சிவப்பு மெத்தை ஒன்று கட்டியிருக்கிறது. மழை வந்தால் முதலில் மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை, பிறகுதான் தனக்குக் கோட்டு.

தெலுக் பூலாயிலிருந்து கிள்ளான் கடைத்தெருவில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு இப்படித்தான் தினமும் வேலைக்குப் போகிறார். பக்கத்து வீட்டு சபாபதிக்கு அது பொறுக்கவில்லை. பாசார் சந்தையிலிருந்து நல்ல மீன் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“பின்னால கட்டுங்கண்ணே. எல்லாத்தையும் அதுல போட்டுட்டு ஜாலியா போலாம்லா. எதுக்கு இப்படிக் காவடி தூக்குறீங்க? நீங்க வேதக்காரரு, காவடியை எங்களுக்கு விட்டுடுங்க.”

“அது ஆள் ஏறுற இடம், சபா.”

“எந்த ஆளு? நாலு மாசமா ஈகூட ஏறலை.”

அந்தப் பெட்டியில் இப்போது புதினா செழிப்பாக வளர்கிறது.

ஏற வேண்டிய ஆள் பெர்னடெட், அவர் மனைவி. சேலைக் கடையில் ரவிக்கை தைக்கிறவர். வேலை முடிந்ததும் கேரியரில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்கள் கதையையெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேருவார். கதை முடியட்டும் என்று லெஸ்லி மெதுவாக மிதிப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் ஹேண்டிலின் ஒரு பக்கம் மட்டும் அரிசிப்பையை மாட்டியிருந்தார். பாசார் திருப்பத்தில் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது. பெர்னடெட்டின் முட்டி கிழிந்தது. அரிசி ரோடெல்லாம் கொட்டியது. அந்த வருஷம் புறாக்களுக்குத்தான் முதலில் கிறிஸ்துமஸ். முட்டி ஆறிவிட்டது, வீம்பு ஆறவில்லை. “இனிமே நான் போன்ல கிராப் டாக்ஸி கூப்பிட்டு வரேன். நீங்களும் உங்க மூட்டையும் சேர்ந்து வாங்க,” என்று சொல்லிவிட்டார்.

எதில் வந்தால் என்ன, வீட்டுக்குத்தானே வருகிறார் என்பீர்கள். வருகிறார்தான். ஆனால் உள்ளே நுழைந்ததும் அடுப்பு, துணி, டிவி. அந்தக் கதைகள் மட்டும் வருவதில்லை. லெஸ்லிக்கு அது சோற்றில் உப்பில்லாத மாதிரி இருந்தது. கெஞ்சத் தெரியாத மனுஷர். சாமான்களைத்தான் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பை முதுகில் இருந்தால் பின்னால் உட்காருகிறவரின் மூக்கை இடிக்கும். அதனால் மார்புக்கு வந்தது. டீக்கடை வாசு பழக்கத்தில் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஹேண்டிலில் மாட்டப் போனால், கையைத் தட்டிவிடுவார்.

“வேணாம்லா. அங்க எதுவும் தொங்கக் கூடாது.”

“அப்ப பல்லுல கடிச்சிக்கிட்டுப் போங்க அங்கிள்.”

நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

சாயங்காலம் சேலைக் கடை வாசலில் நின்று மணியை ஒருமுறை அடிப்பார்.

“வரியா பெர்னா?”

“கிராப் வருது.”

“சரி.”

அவ்வளவுதான். மறுநாளும் வந்து அடிப்பார்.

போன வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது, பெர்னடெட் போனைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்தார். தைக்க வந்த துணியைப் பார்ப்பது போலத்தான். கூடையை அசைத்தார். குடைக் கட்டை இழுத்தார். வெறும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் தடவினார். கடைசியில் மெத்தையின் ஓரத்தைப் புரட்டினார்.

“இதை யாரு தச்சது? நாய் கடிச்ச மாதிரி இருக்கு.”

“நான்தான்.”

“தெரியுது. பையை ஏன் நெஞ்சுல மாட்டியிருக்கீங்க, கங்காரு மாதிரி?”

“முதுகுல மாட்டினா நீ எங்க சாயுவ?”

“சாயுறேன்னு சொன்னேனா நான்?”

லெஸ்லி இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றார். பெர்னடெட் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஆடவில்லை.

“மெதுவா போங்க. விழுந்தா உங்க கழுத்தைப் புடிச்சிக்கிட்டுத்தான் விழுவேன்.”

வாசு கடையைத் தாண்டுவதற்குள் கதை தொடங்கிவிட்டது. டெங்கில் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பொண்ணாம், ஆறு ரவிக்கையாம், அளவு எடுத்த பிறகு டயட் இருந்து இளைத்துவிட்டாளாம், ஆறையும் பிரிக்க வேண்டுமாம். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. கதை நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே பெர்னடெட் பின்னாலிருந்து கையை நீட்டினார். லெஸ்லி ஒவ்வொரு கையாகத் தூக்கிக் கொடுக்க, தோளிலிருந்து பட்டைகளைக் கழற்றி, பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.