முட்டைக்கரு பூசிய சுவர்

தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்த வண்ணத்தில் முட்டை கலந்திருக்கும் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும்.

லண்டனுக்கு வருமுன் நான் சிசிலியின் மேற்குக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டினேன். மேல்மாடியில் அந்த ஓவியர் இருந்தார். தன் ஊர் உப்பளங்களைத் தவிர வேறெதையும் வரையாத மனிதர். வெயிலில் உப்பளம், மழையில் உப்பளம், மழை படாமல் உப்புக் குவியல்மேல் ஓடு அடுக்கும் ஆட்கள். ரோமிலிருந்து வந்த ஒருவர் வேறு ஏதாவது வரையக்கூடாதா என்று கேட்டார். இதையே இன்னும் சரியாக வரையவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவரை வெளியூரில் யாருக்கும் தெரியாது. உள்ளூரில் பாதிப் பேருக்கு அவர் கிறுக்கன்.

பிறகு நான் லண்டன் வந்தேன். நம் ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலம். இங்கே நோர்பரியில் நம் சங்க மண்டபத்தின் நீளச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஓவியரைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். பொடி வண்ணத்தை முட்டை மஞ்சட்கருவில் குழைப்பதுதான் அவருடைய முறை என்பதையும் உங்கள் கடையில் வைத்துச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“சுவரிலைதானே பூசப்போறார். ஆர் நக்கிப் பாக்கப் போகினம்?”

அவர் வந்தார். என் வீட்டில் தங்கினார். மஞ்சட்கருவைக் கைமாற்றிக் கைமாற்றி ஈரம் போக்கி, தோலைக் கிள்ளித் தூக்கி, உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் ஒழுகவிடுவார். வெள்ளைக்கருவை என் மனைவி பொரித்துப் பொரித்து அலுத்துப்போனாள். கோடை முழுக்க வேலை நடந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுவரைப் பார்த்து இது ஆனையிறவு என்றார்கள். இல்லை, இத்தாலி என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த ஒருவருக்கு மட்டும் கோபம்.

“ஓடு ஏன் போட்டவர்? உப்புக்குக் கிடுகல்லோ போடுறது. விசரோ இந்தாளுக்கு?”

மொழிபெயர்த்தேன். ஓவியர் கிடுகு என்றால் என்னவென்று கேட்டார். தென்னோலைப் பின்னலை அந்த மனிதரே கடதாசியில் கீறிக் காட்டினார். மறுநாள் சுவரின் வலது ஓரத்தில் கிடுகு மூடிய ஒரு குவியல் இருந்தது. வாழ்நாளெல்லாம் தன் ஊரைத் தவிர எதையும் தொடாத கை அதை வரைந்தது. உங்களுக்கு அது விளங்கியதா? விளங்கியிருக்காது.

அவர் திரும்பிப் போனபிறகு கோயிலில் திருத்த வேலை தொடங்கியது. அது முடியும்வரை சுவாமியை மண்டபத்தில் வைப்பதாக முடிவெடுத்தீர்கள். முட்டை பூசிய சுவருக்கு முன்னாலா சுவாமி என்று யாரோ கேட்டார்கள். திரை போட்டு மூடலாம் என்றேன். கூட்டத்தில் எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்க்காமலே என் பக்கம் கைநீட்டிச் சொன்னீர்கள்:

“எனக்கு ஆரும் சொல்லேல்லை. இவர் எங்களை ஏமாத்திப்போட்டார்.”

நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து வெள்ளை அடித்துவிட்டீர்கள். இப்போது சுவாமி கோயிலுக்குத் திரும்பிவிட்டார். சுவர் வெள்ளையாகவே நிற்கிறது. அதில் பிறந்தநாள் பலூன் ஒட்டுகிறார்கள். நான் அங்கே சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறேன். எழும்பி வெளியே போய் நிற்கிறேன், திரும்ப உள்ளே வருகிறேன். கூட்டங்களில் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

போன வாரம் ஓவியர் சிசிலியிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். அவருடைய ஊரில் அவர் படங்களையெல்லாம் ஒன்றாகக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். கிடுகுக் குவியலைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அதை முதலில் வைக்கவேண்டும் என்றார். அடுத்த வாரம் எடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்ப எடுப்பார்.

நான் அவருக்கு உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் தனியாக வேண்டாம், உங்கள் கடையிலும் வேண்டாம். வருகிற பொதுக்கூட்டத்தில், அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். முட்டை என்று நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா?