அடகுக்குப் போன ரேஷன் கார்டு

போன வாரம் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று ஆரம்பித்துவிட்டேன்... அங்கே நின்றபோது நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிவந்த நாளிலிருந்து மண்ணெண்ணெய்க்கு நானேதான் வரிசையில் நிற்கிறேன். பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதற்காக அடுப்பு தானாக எரிந்துவிடுமா? அன்றும் டின்னை நகர்த்தி நகர்த்தி வைத்தபடி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ராணியம்மா. பின்னால் தனம்.

ராணியம்மா எங்கள் தெருவில் கைமாற்று கொடுப்பவர். வட்டி வாங்க மாட்டார். நிஜமாகத்தான் சொல்கிறேன் — ஒரு பைசா வட்டி கிடையாது! ரேஷன் கார்டை மட்டும் அவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பணம் திரும்பி வரும் வரை அந்தக் கார்டுக்கு உண்டான அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் அவருக்கு. ஸ்டேஷன் பக்கத்தில் அவருடைய தம்பி டீக்கடை நடத்துகிறார். சர்க்கரை எங்கே போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தனம் என் பக்கத்துப் போர்ஷன். கணவர் முனுசாமி மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒரே பெண் குழந்தை. கம்பெனி ஓடிய காலத்தில் அந்த வீட்டில் ஓ.டி. பணம் தாராளமாகப் புழங்கியது. அப்போதெல்லாம் ரேஷன் அரிசி அவர்கள் வாசற்படி ஏறியதே இல்லை. அந்த வாடைக்கு யார் சாப்பிடுவார்கள் என்று தனமே முகம் சுளித்திருக்கிறாள். கார்டு டிரங்குப் பெட்டிக்கு அடியில் சும்மா கிடந்தது.

பிறகு கம்பெனியைப் பூட்டி லாக்-அவுட் அறிவித்தார்கள். பத்தே நாளில் கேட் திறந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்குப் பத்து நாள் பொறுப்பாரா? எதையாவது வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் இருந்தது. அதைத் தொடவே கூடாது என்றார் முனுசாமி — வெறும் கையோடு கம்பெனி வாசலில் தொழிலாளர்கள் கூடுகிற கேட் மீட்டிங்குக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? சேரப்பணஞ்சேரியில் பயிர் வைக்கிற அண்ணனிடம் ஒரு மூட்டை நெல் கேட்கலாம். கேட்டால், தம்பிக்குச் சம்பளம் நின்றுவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். கார்டு போனால்? யாருக்கும் தெரியாது. சாப்பிடாத அரிசிதானே... ராணியம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பத்து நாள், நாலு மாதம் ஆயிற்று. கடையில் அரிசி வாங்கக் காசு இல்லை. மளிகைக்காரர் கையை விரித்துவிட்டார். வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த ரேஷன் அரிசிதான் இப்போது வேண்டும். கார்டு இல்லாமல் யார் கொடுப்பார்கள்?

இரண்டு வாரம் முன்பு தனம் எங்கள் வீட்டில் வடித்த கஞ்சியைக் குழந்தைக்கென்று கேட்டு வாங்கிப் போனாள். உப்புப் போட்டுக் குடித்தால் உடம்புக்கு நல்லதாம். நானும் நம்புகிற மாதிரி தலையாட்டினேன். கொஞ்சம் சோற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அதனால் அவளை வரிசையில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் காலிப் பை, கொஞ்சம் சில்லறை. ராணியம்மாவிடம் கெஞ்சிக் கேட்கத்தான் வந்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

ராணியம்மாவின் முறை வந்தது. கார்டுகளைக் கட்டாக நீட்டினார். வழக்கமாகக் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். அன்று யாரோ அதிகாரி வரப்போகிறார் என்று பேச்சு. அதனால் மனிதர் ஒழுங்காகப் பெயரைப் படித்தார்.

"முனுசாமி வீட்டுல யாரும்மா?"

"நான்தான்" என்றார் ராணியம்மா, பழக்க தோஷத்தில்.

தனம் என்னைத் தாண்டி முன்னே போனாள். சத்தம் போடவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"அவருக்குப் பொண்டாட்டி நான் ஒருத்திதான் கீறேன். இவங்க எப்ப வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே."

வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. ராணியம்மாவுக்கு வியர்த்துவிட்டது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டைத் தனத்தின் பக்கம் நகர்த்தினார். மிச்சக் கார்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு ராணியம்மா வெளியே நடந்தார். அந்தக் கார்டுகளுக்கு உரிய வீடுகளில் அன்றைக்கு என்ன உலை வைத்தார்களோ...

தனம் அப்படியே விட்டிருக்கலாம். கார்டை அடகு பிடிப்பதே தப்பு, ராணியம்மா எந்த போலீஸிடம் போய் முறையிடுவார்? ஆனால் இவள் அரிசியை வாங்கிக்கொண்டு நேரே அவர் பின்னாலேயே ஓடினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே முனுசாமியின் கைக்கடிகாரம், அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்தது.

"வாங்குனத இல்லேன்னு சொல்லலக்கா. இத்த வச்சிக்க. கேட் தொறந்ததும் துட்டு குடுத்து மீட்டுக்கிறேன். வட்டி கேட்டாலும் குடுக்கிறேன். சோறு போடறத மட்டும் கேக்காத."

கஷ்ட காலத்தில் நாம் முதலில் எதைக் கைவிடுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? அடுத்தவர் கண்ணில் படாததை. குழந்தையின் பால், மருந்து, நம்முடைய வயிறு... கடைசி வரை கட்டிப்பிடித்திருப்பது நாலு பேர் பார்க்கிறதை. அந்த நாலு பேர் யார்? எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? அவர்கள் யார் வீட்டுக்காவது ஒரு வேளை அரிசி அளந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, எழுதும்போதே.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமி கத்திக்கொண்டிருந்தார். தெருவே சிரிக்கிற மாதிரி மானத்தை வாங்கிவிட்டாளாம். நாளைக்குக் கேட்டில் யாராவது மணி கேட்டால் எந்த முகத்தோடு கையைக் காட்டுவது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தனம் சொன்னாள்.

"இன்னா மணின்னு எவனாவது கேட்டா, எம் பொண்ணு வயிறு நெறஞ்ச நேரம்னு சொல்லு."

அதற்கு மேல் சாப்பிடுகிற சத்தம்தான் கேட்டது.