ஹத்தா மலையில் வெள்ளம்

வெள்ளிக்கிழமை லீவுக்கு துபாயிலிருந்து ஜீப்பில் ஹத்தாவுக்கு வந்திருக்கிறோம். சுற்றிலும் மொட்டை மலைகள். பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீரில் என் மனைவி சரோஜாவும் மகளும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பொட்டு மேகம்கூட இல்லை.

குன்றின் மேலுள்ள பழைய காவல் கோபுரத்திலிருந்து உள்ளூர் அரபுக் கிழவர் ஒருவர், “யல்லா! பானி! பானி!” என்று கத்துகிறார். ‘சீக்கிரம், தண்ணீர்’ என்று கேட்கிறார் என நினைத்துக் கூஜாவைத் தூக்கிக் காட்டுகிறேன். அவரோ வெறுங்காலோடு சரிவில் ஓடிவந்து, மகளை வாரி எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறார். பதறிப்போய் நாங்களும் பின்னால் ஓடுகிறோம். மேலேறித் திரும்பினால், சோற்றுப் பொட்டலம் வைத்திருந்த பாறையைக் காணோம். செந்நிற வெள்ளம் உருண்டு போகிறது.

“இங்கே மழையே இல்லையே, எப்படித் தெரிஞ்சுது பாய்?” என்று அரைகுறை இந்தியில் கேட்கிறேன்.

“அந்த மலை மேல மேகம் கறுத்துப்போச்சு. அங்கே பெஞ்சா இங்கே வெள்ளம் வரும்,” என்று தூரத்தைக் காட்டுகிறார். “முன்னே சண்டைக்கு வர்றவங்களைப் பார்க்க அந்தக் கோபுரத்துல காவல் இருந்தேன். இப்போ சண்டை கலாஸ். ஆனாலும் தினமும் ஏறிப் பார்ப்பேன்.”

அவர் பாதத்தில் ரத்தம் வடிகிறது. “ஏங்க, கட்டுப் போடுங்க,” என்று சரோஜா துண்டை நீட்டுகிறாள். நான் குனிந்து கட்டும்போதும், அவர் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.